எல்லாருக்கும் ஒரே சுபநேரம்

எங்கள் வீட்டில் ஒரு விஷயம் சரிவரும்வரை அதை வெளியில் சொல்லக்கூடாது. விசா, கலியாணப் பேச்சு, வேலை, பரீட்சை முடிவு, காணி வாங்குவது எல்லாவற்றுக்கும் இதுதான் சட்டம். சரிவந்த பிறகு ஊரைக் கூட்டிக் கேசரி கொடுக்கலாம். சரிவராவிட்டால் அப்படியொன்று நடக்கவேயில்லை. கொட்டாஞ்சேனையில் எங்கள் தொடர்மாடியில் மேல்வீட்டு அண்ணா கனடாவுக்குப் போனதே, அவர் அங்கே பனியில் நின்று எடுத்து அனுப்பிய படத்தைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரியும். போவதற்கு முதல் நாள்கூடத் தண்ணி மோட்டர் பழுதானதைப் பற்றி என்னோடு அரை மணித்தியாலம் கதைத்துக்கொண்டு நின்றவர் அவர்.

நான் படித்தது வெள்ளவத்தையில், காலி வீதியோரம் ஒரு புடைவைக்கடைக்கு மேலே இயங்கிய தனியார் கொலேஜில். முகாமைத்துவப் பட்டப்படிப்பு. மூன்று வருடமும் அங்கேயே படிக்கலாம், பட்டம் மட்டும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரில் வரும் என்பது ஏற்பாடு. காலையில் புறக்கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து காலி வீதிக்கு இன்னொன்று. வகுப்புக்குள் நுழையும்போதே பாதி உயிர் போயிருக்கும். போன உயிரைப் பக்கத்துக் கடை ரோல்ஸ் மீட்டுத் தரும்.

முதல் நாளிலிருந்து என் பக்கத்தில் இருந்தவள் ஒருத்தி. அவளுடைய வீடு வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில். எனக்கு எதற்கும் சட்டென்று கோபம் வரும். அவளுக்கு எதற்கும் கோபம் வராது, அதைப் பார்க்கவே எனக்குக் கோபம் வரும். ஒவ்வொரு பாடத்தின் முதல் வகுப்பிலும் இரண்டு மூன்று தாள் தருவார்கள். அந்தப் பாடத்தில் என்னென்ன படிப்பிப்பார்கள், எத்தனை மணித்தியாலம், எப்படிப் புள்ளி போடுவார்கள் என்ற விபரம் அதில் இருக்கும். நான் அதில் ரோல்ஸ் வைத்துச் சாப்பிட்டிருக்கிறேன். அவள் அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு நீலப் பைல் ஒன்றில் கோத்து வைப்பாள்.

“இந்தக் குப்பையை வைச்சு என்ன செய்யப்போறாய்?” என்று கேட்பேன்.

“கிடக்கட்டுமே. சோறா கேக்குது?” என்பாள்.

பரீட்சைக்கு முதல் நாள் மட்டும் நாங்கள் இருவரும் ஒரே சாதி. “நான் ஒண்டுமே படிக்கேல்லையடி” என்று அவள் அழுவதுபோலச் சொல்வாள். “நான் புத்தகத்தைத் திறக்கவேயில்லை” என்று நான் சொல்வேன். முன்வாங்கில் இருப்பவனும் பின்வாங்கில் இருப்பவளும் அதையேதான் சொல்வார்கள். முடிவு வந்தால் ஒன்றுமே படிக்காத வகுப்பு முழுவதும் நல்ல புள்ளியோடு சித்தியடைந்திருக்கும். யாரும் யாரையும் பொய்யன் என்று சொல்வதில்லை. அது பொய்யில் சேர்த்தியில்லை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

இரண்டாம் வருடப் பரீட்சை முடிந்த கையோடு அந்த அறிவித்தல் வந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டதாம். இனி மூன்றாம் வருடம் இங்கே இல்லை. மாணவர்கள் தங்கள் கிரெடிட்களை விரும்பிய இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று கடைசியில் ஒரு வரி. புறக்கோட்டையில் இறங்கி வேறு பஸ் பிடி என்பதுபோல அவ்வளவு சுலபமாக எழுதியிருந்தார்கள். புள்ளிச் சான்றிதழைக் கையில் தந்துவிட்டுக் கொஞ்ச நாளில் கொலேஜ் கதவையும் சாத்தினார்கள். விரிவுரையாளர்கள் ஆளுக்கொரு திசையாகப் போனார்கள்.

கிரெடிட் என்றால், சித்தியடைந்த ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ள பெறுமதி. புதிய பல்கலைக்கழகம் அதை ஏற்றுக்கொண்டால் நேரே மூன்றாம் வருடத்தில் போய் இருக்கலாம். ஏற்காத பாடத்தை மறுபடி படிக்கவேண்டும். ஏற்காத பாடங்கள் கூடினால் இரண்டு வருடமும் காற்றோடு போய்விடும், புதுப் பிள்ளைகளோடு முதலாம் வருடத்தில் உட்காரவேண்டியதுதான். எனக்குப் பின்னால் தம்பி உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு நின்றான். இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் படிப்பிக்க அப்பாவால் முடியாது. நான் பின்னால் போனால் யாரோ ஒருவர் படிப்பை நிறுத்தவேண்டும். அது நானாகத்தான் இருக்கும் என்பதை வீட்டில் யாரும் சொல்லவில்லை, சொல்லாமலே எனக்குத் தெரியும்.

நகரத்துக்குக் கொஞ்சம் வெளியே ஒரு பல்கலைக்கழகத்தில் எங்களைப் போன்றவர்களை எடுக்கிறார்கள் என்று அப்பா விசாரித்து வந்தார். மாத முடிவுக்குள் பத்திரங்களோடு நேரில் போகவேண்டும். இடங்கள் கொஞ்சம்தானாம். அம்மா உடனே கதவைச் சாத்தினார்.

“ஒருத்தருக்கும் மூச்சு விடாதை.”

“அவளுக்குமா?”

“அவளுக்குந்தான். நல்ல பிள்ளைதான், இல்லையெண்டு சொல்லேல்ல. சரிவந்தாப்பிறகு முதல் ஆளா அவளுக்குச் சொல்லு.”

போனில் எங்கள் வகுப்புக்கென்று இருந்த பட்ச் குரூப்பில் அந்த நாட்களில் ஒரு ஈ காக்கை இல்லை. அவள் மட்டும் ஒருநாள் தனியாகக் கேட்டிருந்தாள்: “என்ன செய்யப்போறாய்?” நான் எழுதினேன்: “ஒண்டும் யோசிக்கேல்ல. நீ?” அவள்: “நானும் சும்மாதான் வீட்டில இருக்கிறன்.” ஒன்றுமே படிக்காத பழைய கதைதான், ஆனால் எனக்கு அது உறைக்கவில்லை. அவள் பாவம், வழியில்லாமல் இருக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

அம்மா சுவரில் தொங்கிய நாட்காட்டியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். புதுவருடத்துக்குக் கடைக்காரர்கள் கொடுக்கும் பஞ்சாங்க நாட்காட்டி, கொழும்பில் எங்கள் ஆட்கள் வீடுகளில் இது தொங்காத சுவர் கிடையாது. அட்டமி, நவமி, கரிநாள் எல்லாம் கழித்துப் பார்த்தால் மாத முடிவுக்குள் மிஞ்சியது ஒரேயொரு வியாழக்கிழமை. அதிலும் காலை பத்தரைக்குள் அலுவலைத் தொடங்கிவிடவேண்டும். புதன் இரவே, மறுநாள் அவள் தப்பித்தவறி அழைத்துவிடுவாளோ என்று பயந்து, “எனக்குக் காய்ச்சல், நாளைக்குப் போன் எடுக்காதை” என்று செய்தி அனுப்பினேன். “நல்லா படுத்து எழும்பு. நானும் நாளைக்கு ஹெந்தளையில மாமி வீட்டை போறன்” என்று பதில் வந்தது. நல்லதாய்ப் போயிற்று என்று படுத்தேன்.

காலையில் அம்மாவும் நானும் படியில் இறங்கும்போது கீழ்வீட்டு அன்ரி கதவைத் திறந்தார்.

“எங்க பிள்ளை, வெள்ளன வெளிக்கிட்டாச்சு?”

நல்ல காரியத்துக்குப் போகிறவர்களை அப்படிக் கேட்கக்கூடாது என்பது அன்ரிக்கும் தெரியும், ஆனால் வாய் நிற்காது. “கோயிலுக்கு” என்றார் அம்மா. சொன்னவர் என் கையைப் பிடித்துத் திரும்ப மேலே ஏற்றினார். வீட்டுக்குள் போய் இருந்து, ஒரு வாய் தண்ணி குடித்து, புதிதாகப் புறப்பட்டால்தான் அந்தக் கேள்வி கழியும். புதிதாகப் புறப்பட்டதில் ஒரு பஸ்ஸை விட்டோம்.

பல்கலைக்கழகத்தில் கிரெடிட் பார்க்கிற அறை நீளமான விறாந்தை ஒன்றின் கடைசியில் இருந்தது. படியேறித் திரும்பினேன். முதலில் கண்டது என் வகுப்புப் பின்வாங்குப் பெண்ணையும் அவளுடைய தாயையும். அந்தத் தாய் என் அம்மாவைப் பார்த்ததும் கைப்பையைத் திறந்து இல்லாத எதையோ தேடத் தொடங்கினார். அவர்களுக்கு அங்கால் இன்னொருத்தன், தகப்பனோடு. அதற்கும் அங்கால் இன்னும் இருவர். கடைசி வாங்கில், பார்த்தும் பார்க்காதவள்போல ஜன்னலுக்கு வெளியே தென்னையை ஆராய்ந்துகொண்டு, நீலப் பைலை மடியில் வைத்தபடி அவள். பக்கத்தில் அவளுடைய அப்பா.

“நீ ஹெந்தளையில எல்லோ நிக்கிறாய்?” என்றேன்.

“உனக்குக் காய்ச்சலெல்லோ?” என்றாள்.

பெற்றோர் பக்கம் நிலைமை இன்னும் மோசம். “சும்மா விசாரிச்சுப் பாப்பமெண்டு வந்தனாங்கள்” என்றார் அவளுடைய அப்பா. “நாங்களும் இந்தப் பக்கம் ஒரு அலுவலா வந்து, அப்பிடியே...” என்றார் அம்மா. அந்தப் பக்கத்தில் பல்கலைக்கழகத்தையும் ஒரு டயர்க்கடையையும் தவிர வேறொன்றும் கிடையாது.

எங்கள் வகுப்பு முஸ்லிம் நண்பன் ஒருவனும் அங்கே இருந்தான். அவன் இரண்டு நாளுக்கு முந்தியே வந்தவனாம், ஏதோ பத்திரம் குறைகிறது என்று அன்றைக்குத் திரும்ப வரச் சொல்லியிருந்தார்கள். அவன் எங்களை வரிசையாகப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

“நான் வந்த அண்டைக்கு இங்க ஒரு குருவி இல்ல. ஒங்கட கலண்டர்ல இண்டைக்குத்தான் நல்ல நாள் எண்டு போட்டீக்கா?”

என் அம்மாவும் பின்வாங்குப் பெண்ணின் தாயும் ஒருவரையொருவர் ஒரு பார்வை பார்த்தார்கள். அந்தக் கண்ணில் தெரிந்தது அந்த நாட்காட்டியேதான்.

அறைக்குள் இருந்தவர் நடுத்தர வயது அம்மையார், சிங்களமும் ஆங்கிலமும் கலந்து கதைத்தார். கதவைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்து, “அத மொகக்த விசேஷே?” என்றார், இன்றைக்கு என்ன விசேஷம் என்று. யாருக்கு விளக்கம் சொல்லத் தெரியும்? முதலில் வந்தவள் என் சிநேகிதி என்பதால் அவளைக் கூப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தாள். எல்லாப் பாடங்களுக்கும் விபரத் தாள் இருக்கிறதாம், பாடங்களை ஒப்பிட்டுப் பார்த்து இரண்டொரு நாளில் முடிவு சொல்வார்களாம். அவளுடைய அப்பாவின் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது.

அப்போதுதான் என் பையைத் திறந்து பார்த்தேன். விபரத் தாளா?

என் முறை வந்தது. புள்ளிச் சான்றிதழை நீட்டினேன். அவர் பார்த்து, நல்ல புள்ளிகள் என்றார். பிறகு விபரத் தாள்களைக் கேட்டார். என்னிடம் இருந்தவை ஒரு கை விரலுக்குள் அடங்கும். மற்றவை ரோல்ஸ் எண்ணெயோடு போய்விட்டன. பாடத்தின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே என்ன படித்தாய் என்று எனக்கெப்படித் தெரியும் மகள், என்று அவர் பொறுமையாகவே கேட்டார். கொலேஜில் வாங்கி வரச் சொன்னார். கொலேஜே இல்லை என்றேன். அப்படியானால் தாள் உள்ள பாடங்களுக்கு மட்டும்தான் கிரெடிட் தரலாம் என்றார். நான் மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். முதலாம் வருடம்.

“ரெண்டு வருசம் அங்க இருந்தன் மிஸ்! சும்மாவா இருந்தன்?” என்று தமிழிலேயே கத்திவிட்டேன். அவருக்கு விளங்கியதோ என்னவோ, கோபிக்கவில்லை. மேசையிலிருந்த தண்ணிப் போத்தலை என் பக்கம் தள்ளினார். நான் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

வெளியே வந்ததும் சுவரோடு சாய்ந்து அழுதேன். அம்மாவுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. “படியில நிண்டு எங்க போறியள் எண்டு கேட்டாவே, பாத்தியா!” என்று கீழ்வீட்டு அன்ரியைத் திட்டினார், அவருக்கும் கண் நிறைந்திருந்தது. எனக்குப் பின்னால் போனவர்களும் ஒவ்வொருவராக அதே முகத்தோடு வெளியே வந்தார்கள். வகுப்பில் அந்தத் தாள்களைக் குப்பை என்று நினைத்தவள் நான் மட்டுமில்லை.

அவளுடைய அப்பா மெதுவாக எழுந்தார். “வா பிள்ளை, போவம். எங்கட அலுவல் முடிஞ்சுது.” அதில் தப்பேதும் இல்லை. இடங்கள் கொஞ்சம், தன் பிள்ளைக்குக் கிடைக்கும் நிலை, அதைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகத்தான் எந்தத் தகப்பனும் நினைப்பார். என் அப்பாவாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார். நான் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. கேட்பதற்கு எனக்கு வாய் வரவில்லை, காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வந்தவள் நான்.

“அப்பா, கொஞ்சம் இருங்கோ” என்றாள்.

வந்து எனக்குப் பக்கத்தில் நிலத்திலேயே உட்கார்ந்து பைலைத் திறந்தாள். “எதெது இல்லை? சொல்லு.” ஒவ்வொன்றாகச் சொன்னேன். உறைகளிலிருந்து தாள்களை உருவி என் மடியில் போட்டாள். பிறகு மற்றவர்களைப் பார்த்து, “உங்களுக்கு?” என்றாள். வெட்கப்பட்டுக்கொண்டு வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். போட்டோக்கொப்பி எடுக்கக் கீழே கன்ரீன் பக்கம் போகவேண்டும். “எங்கட ஆக்களுக்கு வாய் மட்டும் திறக்காது, மற்றதெல்லாம் நல்லா நடக்கும்” என்று முணுமுணுத்தபடி போனவர் வேறு யாருமில்லை, அவளுடைய அப்பா.

கொப்பிகளோடு எல்லாரும் திரும்ப அறைக்குள் போனோம். அம்மையார் தலையைச் சாய்த்து எங்களைப் பார்த்தார். எல்லாரும் ஒரே வகுப்பா என்று கேட்டார். ஓம் என்றோம். அப்படியானால் ஏன் தனித்தனியாக வந்தீர்கள், முதலே சேர்ந்து வந்திருந்தால் சுலபமாக முடித்திருக்கலாமே என்றார். கொலேஜ் முத்திரை உள்ள மூலத் தாள்கள் தன்னிடம் இருந்தால்தான் கொப்பிகளை ஏற்கலாம், “ஒக்கொம எகட்ட கேன்ன” என்றார். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொண்டுவாருங்கள், ஒரே வகுப்பாகக் குழுவுக்கு அனுப்புகிறேன். ஆனால் குழு கூடுவதற்குச் சில வாரமாகும். அதுவரைக்கும் மூலப் பைல் இங்கே இருக்கவேண்டும், அதற்குரியவளின் முடிவும் மற்றவர்களோடுதான் வரும்.

இரண்டு நாளில் கிடைக்கவிருந்தது சில வாரம் தள்ளிப்போகும். எங்களோடு சேர்ந்து கிடைக்காமலும் போகலாம். அவள் அப்பாவின் பக்கம் திரும்பினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் நீலப் பைலை மேசையில் வைத்துவிட்டுக் கையை எடுத்தாள்.

அந்தச் சில வாரம் பட்ச் குரூப்பில் இரவு பகலாகச் சத்தம். ஈ காக்கை இல்லாத இடத்தில் இப்போது கோயில் திருவிழா. அம்மா விளக்கேற்றும்போது அவளுடைய பெயரையும் சேர்த்துச் சொல்வது எனக்குக் கேட்கும். பதில் வந்தபோது எல்லாருக்கும் ஒரே பதில். வணிகச் சட்டம் ஒன்றைத் தவிர எல்லாப் பாடங்களையும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள், அதை மட்டும் மறுபடி படிக்கவேண்டும். தண்ணிப் போத்தலைத் தள்ளிய அந்த அம்மையார் குழுவில் எங்களுக்காகக் கதைத்தார் என்று பிறகு கேள்விப்பட்டோம். நன்றி சொல்லப் போனபோது அவருக்கு முதலில் எங்களை அடையாளம் தெரியவில்லை. “ஆ, அந்த வியாழக்கிழமைப் பிள்ளைகளா?” என்று சிங்களத்தில் கேட்டுச் சிரித்தார். அந்த ஒரு பாடத்துக்காக வாரத்தில் ஒருநாள் சின்னப் பிள்ளைகளோடு பின்வாங்கில் ஒன்றாக இருந்தோம். எனக்கு அந்தப் பாடத்தின் மேலும் நன்றிதான். தம்பியும் அந்த வருடமே படிக்கத் தொடங்கினான்.

இப்போது பம்பலப்பிட்டியில் ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். போன மாதம் அவள் அழைத்தாள்.

“ஒரு விசயம். இன்னும் சரிவரேல்ல. மேற்படிப்புக்கு வெளிநாட்டில இடம் கிடைச்சிருக்கு, விசாவுக்குப் போடப்போறன். அம்மா ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம் எண்டவ.”

“பிறகேன் சொல்லுறாய்?”

“சொல்லாட்டி நீ அங்கயும் வந்து நிப்பாய்” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “அப்பாக்கு முழங்கால் ஏலாது. கூட வாறியா?” என்றாள்.

எங்கள் ஆட்களில் ஒருவர் இன்னும் சரிவராத விஷயத்தைச் சொல்கிறார் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். “வாறன்” என்றேன்.

விசாவுக்குப் போகும் நாள் காலை படியிறங்கும்போது கீழ்வீட்டு அன்ரி வழக்கம்போலக் கதவைத் திறந்தார். “எங்க பிள்ளை, வெளிக்கிட்டாச்சு?” மேலே வாசலில் நின்ற அம்மா, நான் கோயிலுக்கு என்று சொல்வேன் என்று காத்திருந்தார்.

“சிநேகிதியோட விசா ஒபிசுக்கு அன்ரி. இன்னும் சரிவரேல்ல. நீங்களும் ஒருக்காக் கும்பிட்டுக்கொள்ளுங்கோ.”

மேலே அம்மா தலையில் அடித்துக்கொண்ட சத்தம் கேட்டது. அன்ரி இரண்டு படி ஏறி வந்து, “கட்டாயம் கிடைக்கும் பிள்ளை” என்று என் தோளைத் தட்டினார். நான் தண்ணி குடிக்கத் திரும்பிப் போகவில்லை.

விசா ஒபிஸ் வாசலில் அவள் எனக்கு முன்பே வந்து நின்றாள், கையில் அதே நீலப் பைல். பெயர் கூப்பிட்டதும் தலைமயிரைக் கட்டுவதற்காகப் பைலை என் கையில் தந்தாள். ஓரம் தேய்ந்துபோயிருந்தது. கிடைத்தால் ஆவணியில் போய்விடுவாள். அதன் பிறகு வெள்ளவத்தைப் பஸ்ஸில் இருந்து இறங்க எனக்கென்று ஓர் ஒழுங்கை இல்லை. பைலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, இவளுக்குக் கிடைக்கவேண்டும், எப்படியும் கிடைக்கவேண்டும் என்று கும்பிட்டேன்.

அவள் பைலை வாங்கக் கையை நீட்டி என் முகத்தைப் பார்த்தாள். “என்னடி, கண் சிவந்திருக்கு?”

“காய்ச்சல்” என்றேன்.

“ஓமோம். நான் ஹெந்தளைக்குப் போட்டு வாறன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.